எலுமிச்சங்காய் அளவு

நான் படிக்கும் ஆய்வகத்தில் உமிக்குப் பூட்டு உண்டு. சாம்பல் நிற இரும்பு அலமாரி, அதற்கு ஒரு சாவி, சாவியை எடுப்பவர் கையெழுத்துப் போட ஒரு நோட்டு. எத்தனை கிராம் எடுத்தேன், எதற்காக எடுத்தேன், மீதி எவ்வளவு என்று எழுதிவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகரலாம். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் இல்லாமல் டப்பாவைத் திறந்தால் பக்கத்து மேசையிலிருந்து ரோரி தொண்டையைச் செருமுவான். ரோரி என்னோடு படிக்கும் ஸ்காட்லாந்துக்காரன். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். விதி என்று ஒன்றை எங்காவது எழுதி ஒட்டியிருந்தால் அதற்காக உயிரையும் கொடுப்பான். முதல் வாரம் அந்த நோட்டில் ‘உமி, ஐந்து கிராம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திருத்துறைப்பூண்டியில் எங்கள் தெருக்கோடி ரைஸ்மில்லுக்குப் பின்னால் உமி குன்றாகக் குவிந்து கிடக்கும். காற்றடித்தால் பாதி ஊர்க் குழம்பில் வந்து விழும். யாராவது ஒரு லாரி நிறைய அள்ளிக்கொண்டு போனால் மில்காரர் நன்றி சொல்லி டீயும் வாங்கிக் கொடுப்பார்.

நான் இங்கே வந்தது வேதியியலில் ஆராய்ச்சி முதுகலை படிக்க. ஓராண்டுப் படிப்பு. வகுப்பு கிடையாது, பரீட்சை கிடையாது. ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து, ஓராண்டு கழித்துப் பதிலோடு வா என்பார்கள். அந்தப் பதிலை ஆய்வேடாக எழுதிக் கொடுத்தால், இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து அதைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். தைத்துக் காட்டத் தெரிந்தால் பட்டம். இதை அம்மாவுக்கு விளக்கியபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

“வகுப்பே கெடையாதுன்னா அப்பறம் எதுக்குடி அங்க போயி உக்காந்திருக்க? அந்தக் கேள்விய இங்க எடுத்துட்டு வந்து யோசிக்க முடியாதா?”

என் கேள்வி உமியைப் பற்றியது. உமியை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதைச் சுத்தமாகவும் வெள்ளையாகவும் எடுத்துவிட்டால் அழுக்குத் தண்ணீரை வடிகட்டுவதிலிருந்து எத்தனையோ வேலைக்கு ஆகும். சிக்கல் என்னவென்றால் அது வெள்ளையாக வராது. உமிக்குள் இருக்கும் பொட்டாசியமும் கூட்டாளிகளும் கரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எரிய விடாமல் செய்துவிடும். சாம்பல் எருமை நிறத்தில் வரும்.

நான் கிளம்பும்போது என் தாய்மாமா பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார். ‘மேல்படிப்புக்காக லண்டன் செல்லும் எங்கள் குலவிளக்கே’ என்று போட்டு, என் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் ஒரு விமானத்தையும் பறக்கவிட்டிருந்தார். நான் போவது லண்டன் இல்லை, அங்கிருந்து ரயிலில் பாதி நாள் தள்ளி ஸ்காட்லாந்தில் இருக்கும் ஊர் என்று சொன்னேன். ஃபிளெக்ஸ் அடித்தாகிவிட்டது, இனி நீதான் லண்டன் பக்கம் ஒரு எட்டுப் போய்விட்டு வரவேண்டும் என்றார். அப்பாவின் கவலை வேறு. ‘நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், இருவரும் ஊதி ஊதித் தின்போம்’ என்று ஏமாற்றுக்காரனைப் பற்றிப் பழமொழி சொல்லும் ஊரில், என் பெண் உமி படிக்கப் போயிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வார்? டீக்கடையில் ‘அரிசி ஆராய்ச்சி’ என்று சொல்லிவைத்தார். விளைவாக, புகையான் பூச்சிக்கு மருந்து கண்டுபிடித்தாயிற்றா என்று வாரத்துக்கு இரண்டு பேர் அவரைக் கேட்டார்கள்.

என் பேராசிரியரின் பெயர் எல்ஸ்பெத். ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது இங்குள்ள முறை. எனக்கு நாக்கு புரளவில்லை. மேடம் என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார். கடைசியில் பெயரும் சொல்லாமல் மேடமும் சொல்லாமல், அவர் என் பக்கம் பார்க்கும் வரை எதிரே போய் நிற்பது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். நம் ஊரில் பெண்டாட்டிமார் புருஷனைக் கூப்பிட வைத்திருந்த பழைய வழி அது.

அக்டோபரில் ஒருநாள் அப்படிப் போய் நின்றபோது அவரே கேட்டார். இத்தாலி உமி, ஸ்பெயின் உமி எல்லாம் விலைக்கு வாங்கி எரித்தாகிவிட்டது, எல்லாம் எருமை நிறம். நீ நெல் விளையும் ஊர்க்காரிதானே, ஒரே வயலில் விளைந்த உமி கொஞ்சம் கிடைக்குமா? கரும்பு தின்னக் கூலியா என்று அன்றைக்கே வீட்டுக்குப் பேசினேன்.

“அப்பா, நம்ம வயல் உமி ரெண்டு கிலோ வேணும். சுத்தமா இருக்கணும், வேற எதுவும் கலந்துடக் கூடாது.”

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

“அரிசியே அனுப்புறேம்மா.”

“உமிதாம்ப்பா வேணும்.”

“தபாலாபீஸ்ல உள்ள என்ன இருக்குன்னு கேப்பாங்கம்மா.”

“உமின்னு சொல்லுங்க.”

“இத்தன பேரு நிக்கிற எடத்துல நான் எப்புடிம்மா அதச் சொல்லுவேன்?”

பல்கலைக்கழகம் கொடுத்த அனுமதிக் கடிதத்தை அனுப்பிவைத்தேன். அதன் முத்திரையைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மூன்று வாரத்தில் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே வெள்ளைத் துணியில் அம்மா கையால் தைத்த பை. பையின் நான்கு மூலையிலும் மஞ்சள். வெளியூருக்கு ஒரு பொருள் போகிறதென்றால் எங்கள் வீட்டில் மஞ்சள் வைக்காமல் அனுப்ப மாட்டார்கள். ரோரி அதைப் பார்த்துவிட்டு ‘அடையாளம் தெரியாத மஞ்சள் பொருள்’ என்று ஒரு படிவம் நிரப்பினான். நானும் ஒரு படிவம் நிரப்பினேன். அதில் ‘மாதிரிக்கு முன்கூட்டியே ஏதேனும் செய்யப்பட்டதா?’ என்று ஒரு கேள்வி. ‘இல்லை. மில்லிலிருந்து நேரடியாக வந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. உமியை யார் என்ன செய்யப்போகிறார்கள்?

அந்த உமியை அறுநூறு டிகிரியில் எரித்துவிட்டு உலைக் கதவைத் திறந்தேன். கிண்ணத்தில் கோலமாவு இருந்தது. அத்தனை வெள்ளை. வேறு யாருடைய கிண்ணத்தையோ எடுத்துவிட்டோம் என்று நினைத்து எண்ணைச் சரிபார்த்தேன். என்னுடையதுதான். எல்ஸ்பெத் வந்து பார்த்தார், போனார், இன்னும் இரண்டு பேராசிரியர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூவரும் கிண்ணத்தைச் சுற்றி நின்று பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

“உன் அப்பா என்ன செய்கிறார்?” என்று எல்ஸ்பெத் கேட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். “இப்போது டீக்கடையில் இருப்பார்.”

அவர் கேட்டது வயலில் என்ன செய்கிறார் என்பதை. எனக்கு அது புரிந்து, அவருக்கு நான் சொன்னது புரிய ஐந்து நிமிடம் ஆனது. பிறகு அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு நான் நடுவில் மொழிபெயர்த்தேன். சட்டை போட்டுக்கொண்டு வாங்க என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அப்பா கல்யாணச் சட்டையில் வந்திருந்தார்.

எங்கள் வயல் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் ஊர் ஊராக உட்கார்ந்து எழுந்து, கடலுக்கு முன்னால் கடைசியாக எட்டிப்பார்க்கும் இடம். எல்லாரும் குளித்துக் கழுவியது போக மிச்சம்தான் நமக்கு வருகிறது என்று வருஷா வருஷம் திட்டுவது அப்பாவின் வழக்கம். அன்றைக்கு எல்ஸ்பெத் ‘உங்கள் வயலில் என்ன சிறப்பு?’ என்று கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க வயலு கடைமடைங்க. காவேரித் தண்ணி வர்ற வழியில உள்ள சத்தையெல்லாம் அள்ளிக்கிட்டு, கடைசியா எங்க வயல்ல வந்துதான் எறக்கி வெக்கிது. மேல உள்ளவங்களுக்கு வெறுந் தண்ணிதாங்க போவுது.”

எனக்கு மொழிபெயர்க்கவே கூச்சமாக இருந்தது. எல்ஸ்பெத் வரி விடாமல் எழுதிக்கொண்டார். கடலோர உப்பு மண்ணுக்கும் வெள்ளைச் சாம்பலுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அவருக்கு ஒரு யோசனை உதித்தது. என் ஆய்வேட்டின் தலைப்பே மாறியது. ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினோம். அப்பா டீக்கடையில் வாழ்க்கையில் முதல்முறையாக ‘உமி’ என்று உரக்கச் சொன்னார். உலகத்திலேயே வெள்ளையான உமி நம்முடையதுதானாம், வெள்ளைக்காரம்மா எழுதி வைத்துக்கொண்டது என்றார். எங்கள் வரப்பை ஒட்டி வயல் வைத்திருக்கும் சிங்காரவேலு மாமா அதை ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் முதலில் தன் வயலில் பாய்ந்துதான் எங்கள் வயலுக்குப் போகிறது, ஆகையால் இதில் தனக்கும் பங்கு உண்டு என்று அவர் டீக்கடையில் வழக்காடியதாகக் கேள்வி.

பிப்ரவரியில் உமி தீர்ந்தது. மறுபடி கேட்டேன். இந்த முறை அப்பா கூச்சப்படவே இல்லை. தபாலாபீஸில் வரிசையில் நின்றவர்களுக்குப் பையைத் திறந்தே காட்டியிருக்கிறார். பெட்டி வந்தது, எரித்தேன், கதவைத் திறந்தேன். எருமை நிறம்.

உலை கோளாறு என்று நினைத்து வேறு உலையில் எரித்தேன். எருமை. சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன், நேரத்தை நீட்டினேன். கன்றுக்குட்டி நிறத்துக்கு மேல் வெளுக்கவில்லை. மார்ச் முழுவதும் இதே வேலை. மற்ற மாணவர்கள் மதியம் வெயில் அடிக்கிறது என்று புல்வெளியில் போய்ப் படுத்தார்கள். இந்த ஊரில் வெயில் என்பது உறவினர் வருகை மாதிரி, வரும்போதே பார்த்துக்கொண்டால்தான் உண்டு. நான் உலைக்கு முன்னால் நின்றேன்.

எல்ஸ்பெத் கோபப்படவில்லை. “ஒருமுறை வந்தது முடிவு அல்ல. திரும்ப வர வேண்டும்,” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். ஆகஸ்டில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். கருத்தரங்குச் சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதா என்று முடிவு செய்ய வேண்டும். கையில் ஒன்றுமில்லாமல் போனால் முதுகலைக்குப் பதிலாக ஒரு சான்றிதழைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கண்ணை மூடினால் பேருந்து நிலையத்து ஃபிளெக்ஸ் தெரிந்தது. குலவிளக்கு அணைந்தால் மாமா அதற்கும் ஒரு ஃபிளெக்ஸ் வைப்பாரோ என்று பயமாக இருந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வீடியோவில் உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்தேன். அதே நெல்லா? அதேதான். அதே வயலா? அதே வயல், அதே அறுப்பு, அதே மில். மூட்டை மாறியிருக்குமா? மாறாது. அவருக்கும் குரல் சுருங்கிக்கொண்டே வந்தது. தன் வயல் கைவிட்டுவிட்டதோ என்று அவர் பயப்பட்டது எனக்குக் கேட்டது. அப்போது பின்னால் முறத்தோடு அம்மா குறுக்கே போனாள்.

“ஏன், இந்தத் தடவ உமிய யாரு கழுவுனது?”

நானும் அப்பாவும் ஒரே சமயத்தில் “என்னது?” என்றோம்.

“போன தடவ நான் கழுவிக் காயவெச்சு அனுப்புனேன். இந்தத் தடவ நான்தான் கும்பகோணத்துல தங்கச்சி வூட்டுக் கல்யாணத்துல இருந்தேனே. இவரு அப்புடியேவா அள்ளிப் போட்டாரு?”

“அம்மா, உமிய எதுக்கும்மா கழுவுன?”

“நீதானடி சுத்தமா இருக்கணும்னு சொன்ன. மில்லுல கெடந்தத, எலி ஓடுனத, அப்புடியே காலேஜுக்கு அனுப்ப முடியுமா? அந்தம்மா என்னய என்ன நெனைக்கும்?”

“எதுல கழுவுன?”

“அண்டாவுல.”

“இல்லம்மா, எதப் போட்டுக் கழுவுன?”

“புளிதான். பாத்தரம் தேய்க்க வெச்சிருக்கிற பழம்புளி. வெளக்கே பளிச்சுன்னு வருது, உமி வராதா?”

எங்கள் பக்கத்தில் பித்தளை என்றால் புளி. குத்துவிளக்கிலிருந்து குடம் வரை புளி போட்டுத் தேய்த்தால்தான் தேய்த்ததாகக் கணக்கு. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். வெந்நீரில் கரைத்து ஊறவைத்தால் அது உமியிலிருந்து பொட்டாசியத்தையும் மற்ற உலோகங்களையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். உலகமெங்கும் ஆய்வகங்களில் இதைக் கடுமையான அமிலங்களை வைத்துச் செய்கிறார்கள். என் அம்மா விளக்குப் புளியை வைத்துச் செய்திருக்கிறாள்.

“இத ஏம்மா நீ சொல்லவே இல்ல?”

“இதையெல்லாமா சொல்லுவாங்க? ஒன்னையும் குளிப்பாட்டித்தான் பள்ளிக்கூடம் அனுப்புனேன். டீச்சருக்கு லெட்டரா எழுதுனேன்?”

ஆராய்ச்சி மாணவியாக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஆறு மாதம் கழித்து முறத்தோடு போன ஒருத்தி கேட்டுவிட்டாள்.

இப்போது என் புத்தி போன போக்கையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் தெரியாமல் நானே புளி வாங்கி, உமியைக் கழுவி, வெள்ளையாக எரித்துக் காட்டிவிட்டால் என்ன? தலைப்பு நிற்கும், கருத்தரங்கு நிற்கும், அப்பாவின் கடைமடையும் நிற்கும். மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசியக் கடையில் புளிப் பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தேன். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான், நான் அந்த அளவுக்குக் கெட்டிக்காரியும் இல்லை. நாலாம் நாள் எல்ஸ்பெத்தின் அறைக்குப் போய், அவர் நிமிர்ந்து பார்க்கும் வரை நின்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அழுகை வந்தது, அழுதேன்.

அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். “இல்லை என்பதன் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் உண்மை. பக்கத்தில் இன்றைய தேதி, உன் கையெழுத்து,” என்றார். எழுதினேன். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

“அது வயலைப் பற்றிய ஆய்வு இல்லை. அது உன் அம்மாவைப் பற்றிய ஆய்வு. அவரைக் கூப்பிடு.”

அம்மாவின் செய்முறை இது. ஒரு மரக்கால் உமிக்கு ஒரு எலுமிச்சங்காய் அளவு புளி. கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர். விடியும் வரை ஊற வேண்டும். தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். கையில் அள்ளினால் சலசலவென்று சத்தம் வரும் வரை வெயிலில் காய வேண்டும். நான் மொழிபெயர்த்து முடித்ததும் எல்ஸ்பெத் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதில் ஓர் எண்கூட இல்லையே என்றார். அம்மாவிடம் சொன்னேன். “ஒரு மரக்கா, ஒரு எலுமிச்சங்கா. ரெண்டு எண்ணு சொன்னனே,” என்றாள்.

முதலில் சூடு. கை பொறுக்கிற சூடு என்றால் யார் கை? ஆய்வகத்தில் ஆளுக்கு ஆள் வெந்நீரில் கைவைத்துப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. வெந்நீரில் கைவைப்பதால் வரக்கூடிய ஆபத்துகள் குறித்து ரோரி இரண்டு பக்கப் படிவம் ஒன்று தயாரித்தான். நாற்பத்திரண்டு டிகிரியில் அவன் கையை எடுத்துவிட்டான். எல்ஸ்பெத் நாற்பத்தைந்து. நான் நாற்பத்தெட்டு வரை தாங்கி, பழைய தஞ்சை ஜில்லாவின் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றினேன். ஆனால் அம்மாவின் கை வேறு. கொதிக்கிற பாலைத் துணி பிடிக்காமல் இறக்கும் கை. அவளையே அளந்து சொல்லச் சொன்னோம். அப்பா காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை அண்டாவில் விட்டார். அது எண் எதையும் காட்டாமல் இரண்டு முறை கத்திவிட்டு அணைந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியாரிடம் ஒரு நல்ல தெர்மாமீட்டர் இரவல் வாங்கி வந்து அளந்தார். ஐம்பத்தாறு. “இதுக்கு மேல வெச்சா கை செவந்துரும்,” என்றாள் அம்மா. ரோரி அந்த எண்ணைக் கேட்டுவிட்டு இன்னும் ஒரு படிவம் வேண்டுமா என்று என்னைப் பார்த்தான்.

மரக்காலையும் கிராமாக்கினோம். அப்பா அதற்கும் உதவினார். எல்லாம் எண்ணாயிற்று. ஆசியக் கடையில் புளி வாங்கி, சூப்பர்மார்க்கெட்டில் ஓர் எலுமிச்சை வாங்கி, அதன் அளவுக்குப் புளியை உருட்டி எடை போட்டு, சொன்னபடி ஊறவைத்து, அலசி, இங்குள்ள வெயிலை நம்பாமல் மின்னடுப்பில் காயவைத்து, எரித்தேன். கதவைத் திறந்தால் தார் ரோடு. எருமையாவது பரவாயில்லை, இது தார். உமியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுப்புக் கட்டியாகக் கிடந்தது. எல்ஸ்பெத் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஜூன் பிறந்துவிட்டது. அன்று அறைக்கு வந்து அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, படிப்பு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று புலம்பினேன். மேசைமேல் மீந்திருந்த அந்த எலுமிச்சையைப் பேச்சுவாக்கில் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

“அது என்னடி கையில, சாத்துக்குடியா?”

“எலுமிச்சங்காம்மா.”

“எது, இதுவா? பொய் சொல்லாத.”

“இங்க இவ்வளவு பெருசாத்தாம்மா இருக்கும்.”

“இந்த அளவுக்கா புளி போட்ட? ஊருக்கே புளிக்கொழம்பு வெக்கலாமே. அப்பறம் உமி ஒட்டாம என்ன பண்ணும்?”

அடுப்படிக்குப் போய் ஒரு காயை எடுத்து வந்து கேமராவில் காட்டினாள். உள்ளங்கையில் குண்டுமணி மாதிரி இருந்தது. பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன். அப்பா அதை எதிர்க்கடைத் தராசில் வைத்துப் பார்த்து, முப்பத்தெட்டு கிராம் என்று வந்து சொன்னார். என்னுடையது நூற்று முப்பதுக்கு மேல். மூன்று மடங்கு புளி. உலகத்துக்கே தெரிந்த அளவு என்று நான் நம்பியிருந்த எலுமிச்சங்காய் ஊருக்கு ஊர் வேறாக இருந்திருக்கிறது.

முப்பத்தெட்டு கிராம் புளியோடு மறுபடி செய்தேன். கதவைத் திறந்தேன். கோலமாவு. மறுநாள் செய்தேன், கோலமாவு. ரோரியைச் செய்யச் சொன்னேன். ஐம்பத்தாறு டிகிரி தண்ணீரில் கையை விடாமல் கரண்டி போட்டுக் கலக்கினான், அவனுக்கும் கோலமாவு. இத்தாலி உமியைக் கழுவி எரித்தோம். அதுவும் கோலமாவு. எல்ஸ்பெத் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நான் சந்தோஷத்தில் ‘எல்ஸ்பெத்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, பின்னாலேயே ‘மேடம்’ என்றும் சேர்த்தேன்.

இத்தாலி உமியும் வெளுத்தது என்பதை அப்பாவிடம் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. சொன்னேன்.

“அப்ப நம்ம வயல்ல ஒண்ணும் இல்லியாம்மா?”

வருஷா வருஷம் கடைசியாகத் தண்ணீர் பார்க்கும் மனிதருக்கு ஆறு மாதம் முதல் இடம் கிடைத்திருந்தது. அதை நான்தான் பிடுங்கினேன். நெல்லு நல்ல நெல்லுதாம்ப்பா என்று ஏதோ உளறினேன். இரண்டு நாள் அவர் போனுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

“அந்தப் புளி எந்தப் புளிம்மா? நம்ம கொல்ல மரத்துப் புளிதான? அந்த மரத்த நான்ல இத்தன வருஷமா பாத்துக்கிட்டு வர்றேன்.”

“மரத்துக்கு இவரு என்ன பண்ணாரு? அடியில கட்டிலப் போட்டுத் தூங்குனாரு,” என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல். ஆனால் அன்று சாயங்காலமே டீக்கடையில் செய்தி மாறிவிட்டது. விஷயம் உமியில் இல்லையாம், புளியில் இருக்கிறதாம். சிங்காரவேலு மாமாவிடம் புளியமரம் கிடையாது.

செப்டம்பரில் வாய்மொழித் தேர்வு. எதிரே இரண்டு பேர். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். இந்த முறைக்கு மூலம் எது, எந்த ஆய்விதழ் என்றார். தனிப்பட்ட தகவல், என் தாயார் என்றேன். அவர் துறை எது என்றார். நான் யோசித்துவிட்டு “பித்தளை” என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பட்டம் தருவதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு சிறு திருத்தம் கேட்டார்கள், எலுமிச்சங்காய் என்பதை வரையறுக்க வேண்டும். அடிக்குறிப்பில் ‘திருத்துறைப்பூண்டி எலுமிச்சங்காய், முப்பத்தெட்டு கிராம்’ என்று சேர்த்தேன். அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். ஊர்ப் பேர் போட்டதெல்லாம் சரி, வெயிலில் காயவைக்கச் சொன்னேனே, அதை ஏன் அடுப்பில் காயவைத்தாய் என்று கேட்டாள்.

பட்டம் கிடைத்த மகிழ்ச்சியில் வீட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே எங்கள் கொல்லை மரத்துப் புளி, ஒரே உருண்டையாக. ஆய்வகத்துக்கு என்று அப்பா அனுப்பியது, சாப்பிட என்று அம்மா அனுப்பியது, இரண்டும் அதேதான். ஆய்வகத்துக்குள் போன பொருள் வாய்க்குள் போகக்கூடாது, அடுப்படியில் இருந்த பொருள் ஆய்வகத்துக்குள் போகக்கூடாது என்பது ரோரியின் வேதம். ஆகவே ஆய்வக வாசலிலேயே பெட்டியைப் பிரித்து, புளியைக் கத்தியால் இரண்டாக அறுத்தேன். ஒரு பாதிக்கு ‘உண்ணத் தகாதது’ என்று சீட்டு ஒட்டி உமிக்குப் பக்கத்தில் பூட்டினேன். நோட்டில் கையெழுத்தும் போட்டேன். மறுபாதியைக் கோட்டுப் பையில் என் அறைக்குக் கொண்டுவந்தேன்.

அன்று மாலை ரசம் வைக்கலாம் என்று அதிலிருந்து கிள்ளி, எப்போதும் போல எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டினேன். உருட்டிய கை பாதியில் நின்றது. எந்த ஊர் எலுமிச்சங்காய் இது? தராசில் வைத்துப் பார்த்தேன். அம்மாவின் கையில் இருந்ததைவிடப் பெரியது, சூப்பர்மார்க்கெட்டில் கிடப்பதைவிடச் சிறியது. அப்படியொரு எலுமிச்சங்காய் இரண்டு ஊரிலும் காய்ப்பதில்லை. கொஞ்சம் கிள்ளி எடுக்கலாமா, கொஞ்சம் சேர்க்கலாமா என்று யோசித்துவிட்டு அப்படியே கரைத்து ஊற்றினேன். ரசம் புளித்தது. அம்மா போனில் ரசம் எப்படி என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டேன்.